நிலத்தை எழுதிக் கொடுத்த வருடம்

பிப்ரவரி 6

பழக்கூடைக்காரன் மறுபடி வந்திருந்தான். பக்கத்து மாநிலத்தில் நான் படித்த கால்நடைக் கல்லூரிக்கு நன்கொடை திரட்டுகிறவன். "உடம்பெல்லாம் எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலைக் கேட்பதைவிட என் முழங்காலைக் கவனிப்பதில் அக்கறையாக இருந்தான். ஆயுள் முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா? சந்தையில் கிழட்டுப் பசுவை விலை பேசுகிறவன் அப்படித்தான் பார்ப்பான், இன்னும் எத்தனை ஈத்து தாங்கும் என்று. இவனுக்குக் கணக்கு தலைகீழ். எவ்வளவு சீக்கிரம் போவேன் என்பதுதான் இவன் கவலை.

ஆரஞ்சு நன்றாக இருந்தது. நிலம் கிடையாது.

எனக்கு எழுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை, அதில் வருத்தமும் இல்லை. அப்பா விட்டுப்போன நிலத்தில் என் பங்கு அப்படியே இருக்கிறது. ஹாவ்லிக் ஊருக்கு வடக்கே ஆற்றோரம், மக்காச்சோளமும் சோயாவும் போட்டி போட்டு விளைகிற கறுப்பு மண். அண்ணன் எமிலின் பங்கு, எண்பதுகளில் விவசாயிகளைக் கடனில் மூழ்கடித்த நெருக்கடியில் வங்கிக்குப் போனது. பிறகு அண்ணனும் போனான். அவன் மகன் கேலன்தான் என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறான்.

எனக்குப் பிறகு? யோசித்து முடித்துவிட்டேன். இந்த நெப்ராஸ்காவில் முடிவெடுக்காமல் செத்தவர்களின் நிலம் என்ன ஆகிறது என்று எத்தனை பார்த்திருக்கிறேன்! முகம் தெரியாத கம்பெனி ஒன்று வாங்கும். வீட்டை இடிக்கும். மரங்களைத் தள்ளும். எனக்கு அது நடக்காது. ஊர் அறக்கட்டளைக்கு எழுதிவைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 11

அறக்கட்டளை அலுவலகம் பழைய செருப்புக் கடையில் இருக்கிறது. உள்ளே இன்னும் தோல் வாசனை. ஒரு மேசை, ஒரு ஹீட்டர், கெண்ட்ரா. லிங்கன் நகரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்து விளக்குகள், நூலகத்துக் கூரை, ஆம்புலன்ஸ் எல்லாம் இவள் மூலமாக வந்தவைதான். ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தை அசல் குறையாமல் முதலீட்டில் போட்டு, வருமானத்தை மட்டும் எடுத்து ஊருக்கே செலவழிக்கிறார்கள்.

"நான் செத்தப்புறம் நிலம் உங்களுக்கு. என்ன பண்ணணும், சொல்லு" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

"முதல்ல காபி குடிங்க டாக்டரம்மா. சாவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பிடித்துப்போயிற்று இவளை.

வழியைச் சொன்னாள். நிலத்தை இப்போதே அவர்கள் பேரில் எழுதிவிடலாம், உயிரோடு இருக்கிறவரை அனுபவ பாத்தியம் எனக்கு. கேலன் எப்போதும்போல உழுவான், குத்தகை எப்போதும்போல எனக்கு வரும். நான் போன பிறகு விற்று, என் பேரில் நிரந்தர நிதி.

"நிதி எதுக்குன்னு நீங்க சொல்லணும்."

"கால்நடைக்கு. வருஷா வருஷம் கண்காட்சி நடக்கற மாட்டுக் கொட்டகைக்கு, மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு. வேற எதுக்கும் ஒரு காசு போகக் கூடாது. கல்லுல வெட்டின மாதிரி எழுது."

"நூறு வருஷம் கழிச்சும்?"

"நூறு வருஷம் கழிச்சு மாடு இருக்காதா?"

"மாடு இருக்கும். இங்க ஆளுங்க இருப்பாங்களான்னுதான் எனக்குக் கவலை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. என் பணம், என் இஷ்டம்.

பிப்ரவரி 12

முடிவெடுத்தால் பசி நன்றாக எடுக்கிறது. காரமான மிளகாய்க் கறி, இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டி.

மார்ச் 8

வெள்ளிக்கிழமை. தவக்காலத்து மீன் விருந்துக்கு டெலோரஸோடு போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு இருக்கிறவள். அவளிடம் ரகசியம் சொல்வதும் வானொலியில் சொல்வதும் ஒன்று. தெரிந்தும் சொன்னேன்.

"கேலனுக்குச் சொல்லிட்டியாடி?"

"நடவு முடியட்டும். இப்ப கன்னு போடற சமயம், அவனுக்கு மூச்சுவிட நேரமில்ல."

"அவன் அந்த மண்ணுல முதுகொடிஞ்சவன் அர்டித். நீ பாட்டுக்கு ஊருக்குத் தானம் பண்றேன்னு கிளம்பிட்ட. மகராணி!"

"நான் சாகற வரைக்கும் உழப்போறான். நான் இப்போதைக்குச் சாகறதா இல்ல. அவனுக்கு என்ன நஷ்டம்?"

"அதை அவன்கிட்ட போய்க் கேளு. என்கிட்ட ஏன் கேக்கற?" என்று என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தின்றாள்.

மார்ச் 19

காலையில் கேலனிடமிருந்து போன். "அத்தை, கன்னு பின்பக்கமா வருது. புது டாக்டர் எங்கயோ தூரமா போயிருக்காராம். வர முடியுமா?"

வர முடியுமாவா! பூட்ஸைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

முதல் ஈத்துக் கிடாரி, கறுப்பு, பயத்தில் கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. கையைத் தோள்வரை விட்டேன். கிழடாகிவிட்டால் கைக்கு மறந்துவிடுமா என்ன? கால்குளம்புகளை உள்ளங்கையால் மூடி, ஒவ்வொன்றாகத் திருப்பி, "இப்ப இழு" என்றேன். கேலன் இழுத்தான். வந்தது, நீலமாக, மூச்சில்லாமல். வைக்கோலால் மூக்கைக் கிளறி, விலாவைத் தேய்த்ததும் தும்மியது பார், அந்தத் தும்மலுக்காகவே ஒருத்தி மாட்டு டாக்டர் ஆகலாம்.

கேலன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயதில் என் அண்ணனைவிட கிழவனாகத் தெரிந்தான். இடது தோளைப் பிடித்துக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷம் அத்தை?" என்றான்.

என் ஆயுளைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். "நான் நல்லாத்தான்டா இருக்கேன்" என்றேன்.

அவன் எழுந்து கிடாரியின் கயிற்றை அவிழ்த்தான். கன்று எழுந்து நின்று விழுந்து மறுபடி எழுந்து நின்றது.

ஏப்ரல் 10

வக்கீல் மர்வின் பத்திரத்தின் வரைவைத் தயார் செய்துவிட்டார். படித்தேன், நன்றாக இருக்கிறது. மே மாதம் கையெழுத்து. "கேலனுக்குத் தெரியுமா?" என்று அவரும் கேட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் இதே கேள்விதானா?

ஏப்ரல் 26

கேலன் வந்தான். வண்டிக் கதவை அடித்துச் சாத்தின சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

தானியக் கிடங்கில் விதை எடுக்கப் போயிருக்கிறான். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருத்தன், "என்னப்பா, உங்க அத்தை உனக்குப் பட்டை நாமம் போட்டுட்டாங்களாமே" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"ஊருக்கே தெரியுது அத்தை. எனக்குத் தெரியல."

"நடவு முடிஞ்சு சொல்லலாம்னு..."

"நடவு முடிஞ்சு அறுப்பு, அறுப்பு முடிஞ்சு கன்னு. எப்ப சொல்லுவீங்க? உங்க சவப்பெட்டிக்குள்ள இருந்தா?"

"என் நிலம்டா அது. நீ சாகுபடி பண்ண எந்தத் தடையும் இல்ல. நான் இருக்கிற வரைக்கும்..."

"நிலத்தைப் பத்தி நான் பேசவே இல்ல!" என்று கத்தினான். அண்ணன் மகன் என்னிடம் கத்தினது இதுதான் முதல் தடவை. "நிலத்தை யார் கேட்டா? ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னை? ஒரே ஒரு வார்த்தை?"

காபி ஊற்றி வைத்திருந்தேன். தொடாமல் போய்விட்டான்.

நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? யாரையாவது ஏமாத்தினேனா, திருடினேனா? என் அப்பா குடுத்த மண்ணு, நான் வரி கட்டின மண்ணு, அதை நல்ல காரியத்துக்குக் குடுக்கறது குத்தமா? போகட்டும். கோபம் தணிஞ்சா வருவான். வராம எங்க போவான்!

ஏப்ரல் 27

வரவில்லை.

மே 15

அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனேன். விதைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக டிராக்டரிலிருந்து கையைத் தூக்குவான். இன்று முன்னால் பார்த்தபடியே போனான். வரிசைகள் மட்டும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தன. கோபத்திலும் நேராக விதைக்கிறவன்.

கெண்ட்ராவைக் கூப்பிட்டுக் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். மனம் மாறவில்லை, அதை அழுத்திச் சொன்னேன். அவள், "நிலம் எங்கயும் ஓடிப்போகாது டாக்டரம்மா" என்றாள்.

ஜூன் 4

டெலோரஸ் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் சாவுக்கே கண்ணைக் கசக்காதவள்.

தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கிற குழந்தைகள் காப்பகத்தை மூடப்போகிறார்களாம். தீயணைப்பு ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, இரண்டாவது வாசல் இல்லாமல் ஆகஸ்டுக்கு மேல் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நூறு வருடத்துக் கல்சுவரை இடித்து வாசல் வைக்கத் தேவாலயத்துக்கு வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு காப்பகமும் கிடையாது.

"என் பேத்தி லிங்கனுக்கே போறேங்கிறா" என்றாள் டெலோரஸ். அவள் பேத்தி கிளினிக்கில் நர்ஸ். இரண்டு சின்னக் குழந்தைகள். "பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் இல்லாம எப்படி வேலைக்குப் போவா? நான் பார்த்துப்பேன்னா, எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவ போனா கிளினிக்கும் அரைநாள்தான். அப்புறம் நமக்கு நெஞ்சு வலிச்சா யார்டி வருவா? நீயா? மாட்டு ஊசி போடுவியா?"

"உனக்குப் போடலாம்" என்றேன். சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

ஜூன் 6

காப்பகத்தை நேரில் பார்த்தேன். நடத்துகிறவள் யெசெனியா, அவள் பெற்றோர் குவாத்தமாலாவிலிருந்து இறைச்சி ஆலை வேலைக்கு வந்தவர்கள். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, அதோடு என்னிடம் நிதானமாகப் பேசுகிறாள். நான் பிரசவம் பார்க்கையில்கூட இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

ஒரு வாண்டு என் கையைப் பிடித்துப் பார்த்தான். சுண்டுவிரல் நுனி எனக்கு இல்லை. ஒரு காளையும் ஒரு இரும்புக் கதவும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

"உன் விரல் எங்க?"

"மாடு தின்னுடுச்சு."

யோசித்தான். "மாடு புல்லுதானே தின்னும்?"

"அந்த மாடு கொஞ்சம் மோசமான மாடு."

"இன்னொரு விரலும் குடுத்தியா?"

"குடுக்கல."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"இந்த மாதிரி எத்தனை பிள்ளைங்க?" என்று யெசெனியாவைக் கேட்டேன். "வந்து சேர முடியாம காத்திருக்கறவங்க இதைவிட அதிகம் டாக்டர்" என்றாள். "நான் மூடிட்டா எங்கயாவது வேலை கிடைச்சுடும். இவங்களை எங்க விடுவாங்கன்னுதான் தெரியல."

ஜூன் 10

செருப்புக் கடைக்குப் போனேன். "காப்பகத்துக்கு ஒரு கட்டடம் வேணும். அறக்கட்டளை என்ன பண்ணும்?"

கெண்ட்ரா மறைக்கவில்லை. கையிலிருக்கிற நிதிகளில் பாதிக்குமேல் கட்டுப்பாடுள்ளவை. ஒருவர் தோட்டத்துக்கு என்று எழுதினார், ஒருவர் பள்ளி இசைக்குழுவின் சீருடைக்கு என்று எழுதினார். அந்தப் பள்ளியில் இப்போது இசைக்குழுவே இல்லை. பணம் தூங்குகிறது. மிச்சத்தில் வருவது ஒரு கழிப்பறைகூட கட்டப் போதாது.

"பெரிய நிதி ஏதாவது வந்தாத்தான்..." என்று இழுத்தாள்.

"என்னோடது மாதிரி."

"உங்களோடது நீங்க..." என்று நிறுத்தினாள். கழுத்துவரை சிவந்துபோனாள்.

"நான் செத்தாத்தான் வரும்னு சொல்லு. வாயில வராதா?"

இருவரும் சிரித்தோம். ஆனால் வண்டியில் உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கூடைக்காரனை அவ்வளவு கேலி செய்தேனே. நான் போட்டிருக்கிற திட்டத்தில் இந்த ஊர் முழுக்க என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்!

ஜூன் 11

இப்போதே கொடுத்தால் என்ன? எனக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் இப்போதே கொடுத்தால் அவர்கள் விற்பார்கள். விற்றால் கேலன் அடுத்த வசந்தத்தில் எதை உழுவான்? அப்பன் நிலமும் போய், அத்தை நிலமும் போய்... என் சாவுக்கப்புறம்னா அவனும் ஓய்வு பெற்றிருப்பான்னு நினைச்சேன். இப்பவேன்னா அது அவன் கழுத்தில் கத்தி.

குழந்தைகளா, கேலனா? கன்றா தாயா என்று எத்தனையோ தடவை நிமிடத்தில் முடிவெடுத்தவள். இது ஏன் வரமாட்டேன் என்கிறது?

ஜூன் 30

இன்னும் வரவில்லை. முடிவும் வரவில்லை, கேலனும் வரவில்லை.

ஜூலை 17

போதும். அவன் வராவிட்டால் நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வயல் நடுவில் இருந்தான். சோளம் தலைக்குமேல் நிற்கிறது, வெயில் கண்ணைக் குத்துகிறது. சக்கரங்களில் உருண்டு வயலைச் சுற்றிவரும் பெரிய பாசனக் குழாய் சேற்றில் நின்றுபோயிருந்தது, ஒரு சக்கரத்துக்குக் காற்று இறங்கிவிட்டது. கேலன் சேற்றில் மண்டியிட்டு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்காமல். காப்பகம், டெலோரஸின் பேத்தி, எல்லாம். "இப்பவே குடுத்துடலாமான்னு தோணுது. குடுத்தா உனக்கு நிலம் போயிடும். நீ வேண்டாம்னா வேண்டாம், நான் செத்தப்புறமே போகட்டும். இது நீ சொல்ல வேண்டியது. கேக்கறதுக்குத்தான் வந்தேன்."

ஸ்பானரைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். முதலில் மெல்ல, பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு, வலியோடு.

"அத்தை, இதை விட்டுடணும்னு நான் நாலஞ்சு வருஷமா நினைச்சுட்டிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை.

"தோள் போச்சு. டாக்டர் கத்தி வைக்கணும்கிறார். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. வீட்டுல ரொக்ஸான் கேக்கறா, எதுக்கு இப்படி உயிரை விடறன்னு. காலேஜ்ல டீசல் எஞ்சின் சொல்லிக்குடுக்க ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்டா மாட்டேன்ன?"

"நான் விட்டா நீங்க உடைஞ்சுபோயிடுவீங்கன்னு. தாத்தா மண்ணுல நம்ம குடும்பத்து ஆள் உழலன்னா அத்தைக்குத் தாங்காதுன்னு அப்பா சாகறப்போ சொன்னார். உங்களுக்காகத்தான் உழுதேன்."

கடவுளே. "உனக்காகத்தான்டா நான் வெச்சிருந்தேன்!" என்றேன். "உனக்கு வேற போக்கிடம் இல்லன்னு."

"அதான் கோபம் வந்துது" என்றான். "இத்தனை வருஷம் தோளைப் புடிச்சுட்டு உழறேன் யாருக்காகவோ. அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அதை எடுத்து ஊருக்குக் குடுக்கறாங்க. நிலம் போனா போகட்டும். நான் ஒரு ஆளா இல்லையா?"

"ஆளுதான்" என்றேன். "நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றான். அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் இதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

டயரை மாட்டினோம். குழாய் மறுபடி நகர ஆரம்பித்தது. இருவரும் தொப்பலாக நனைந்தோம். புறப்படும்போது சொன்னான்: "மேய்ச்சல் நிலத்தை மட்டும் விக்க வேண்டாம் அத்தை. மாட்டை விட மனசு வரல. மாட்டுக்குத் தோள் அவ்வளவா வேண்டியதில்ல."

"அது உனக்கு. இனாமா. மர்வின்கிட்ட நாளைக்கே சொல்றேன்."

"அப்புறம் இன்னொண்ணு. புதுக் கட்டடம் எதுக்கு? உங்க மாட்டாஸ்பத்திரி சும்மாத்தானே கிடக்கு? ரெண்டு பக்கமும் வாசல். காளையே நுழையற வாசல்!"

என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது அந்தக் கட்டடம். நான் வைத்தியத்தை விட்டதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் தபால் எடுக்கப் போகிறேன். எனக்குத் தோன்றவில்லை!

ஜூலை 18

நன்றாகத் தூங்கினேன். முழங்கால்கூட வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

மர்வின், கெண்ட்ரா, கேலன், நான். இந்தத் தடவை கேலனை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

ஆற்றோரத்துச் சின்னத் துண்டு நிலமும் மாட்டாஸ்பத்திரியும் இப்போதே அறக்கட்டளைக்கு. துண்டை விற்றுக் காப்பகத்துக்குச் செலவு செய்வார்கள். பெரிய துண்டு அறக்கட்டளையின் பொறுப்பில் தனிக் கணக்காகப் போகிறது. அதையும் விற்று முதலீடு செய்து, நான் இருக்கிறவரை எனக்கு வருமானம் தருவார்கள், பிறகு மிச்சமெல்லாம் நிரந்தர நிதி. மேய்ச்சல் கேலனுக்கு. விற்கும்போது இந்த மாவட்டத்தில் குடியிருந்து உழுகிறவர்களை முதலில் கேட்க வேண்டும் என்று கேலன் சொன்னான். கெண்ட்ரா, "குழுவிலே வெச்சு முடிவு பண்றோம். சரியான விலைக்கு இங்கயே ஆள் கிடைச்சா யார் வேண்டாம்பாங்க?" என்றாள்.

"நிதி எதுக்குன்னு எழுதறது? மாட்டுக் கொட்டகைக்கா?" என்று மர்வின் பேனாவைத் திறந்தார்.

இசைக்குழு இல்லாத ஊரில் தூங்குகிற சீருடைப் பணம் ஞாபகம் வந்தது. நூறு வருடம் கழித்து இந்த ஊருக்கு எங்கே வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதித் தருகிற வைத்தியத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை.

"ஊருக்கு அப்பப்ப எது தேவையோ அதுக்கு. அப்ப இருக்கறவங்க பார்த்துப் பண்ணட்டும்" என்றேன். கெண்ட்ரா தலையைக் குனிந்துகொண்டு எழுதுவதுபோல பாவனை செய்தாள். கண் கலங்கியிருந்தது, எனக்குத் தெரியும்.

"பேர் போடணுமா, போடாம விடணுமா? சிலர் வேண்டாம்பாங்க" என்றாள் கடைசியில்.

"ஏன் வேண்டாம்? கொடுக்கிறவ நான். டாக்டர் அர்டித் வோபோரில்னு முழுசாப் போடு. எழுத்துப் பிழை இல்லாம."

கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 3

டெலோரஸ்: "கட்டடத்துல மாட்டு நாத்தம் அடிக்காதாடி?" நான்: "பிள்ளைங்க நாத்தத்துக்கு அது எவ்வளவோ மேல்."

செப்டம்பர் 12

மாட்டாஸ்பத்திரி தயாராகும்வரை தேவாலயத்தில் நடத்திக்கொள்ள ஆய்வாளர் கிறிஸ்துமஸ் வரை அவகாசம் கொடுத்துவிட்டார், கீழே எப்போதும் கூடுதலாகப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக் கூடுதல் ஆள் யார்? டெலோரஸ். மூச்சு வாங்குகிறவள்! "மாடிப்படி ஏறத்தான் கஷ்டம், உக்காந்து அதட்டறதுக்கு மூச்சு நிறைய இருக்கு" என்கிறாள். பேத்தி லிங்கனில் பார்த்துவைத்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 20

கேலனின் கடைசி அறுப்பு. அக்கம்பக்கத்தார் அறுவடை இயந்திரங்களோடு வந்துவிட்டார்கள். நான் வயலோரத்தில் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா ஞாபகம் வரும் என்று பயந்தேன். வந்தார், ஆனால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். உடைந்துபோவேன் என்று இவர்கள் எல்லாம் பயந்தார்களே, நான் உடையவில்லை. தானியம் லாரியில் விழுகிற சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 14

மாட்டாஸ்பத்திரியில் சுத்தியல் சத்தம். கேலனின் தோளுக்குக் கத்தி வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒரு கையால் மற்றவர்களை மேய்க்கிறான். மாட்டைக் கட்டிவைத்து வைத்தியம் பார்க்கிற இரும்புச் சட்டத்தைக் கழற்றலாமா என்று கேட்டான். யெசெனியா வேண்டாம் என்றாள். மஞ்சள் பெயிண்ட் அடித்து, கூர்மையான இடத்தையெல்லாம் தேய்த்து, பிள்ளைகள் புகுந்து விளையாட விடப்போகிறாளாம். எனக்குச் சம்மதம். அதற்குள் இதுவரை நிற்காதவை மனிதக் குட்டிகள்தான்.

ஜனவரி 6

திறந்தாயிற்று. பேச்சு, ரிப்பன், நடுவில் பழம் வைத்த கொலாச்சே ரொட்டி, காபி. என்னைப் பேசச் சொன்னார்கள். "இது நான் உயிரோட இருக்கறப்பவே நடந்தது, பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நல்ல கைதட்டல்.

மார்ச் 2

பெரிய துண்டு விற்றாயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இளம் தம்பதி. அவள் வயிற்றில் ஏழு மாதம். காப்பகத்தில் இப்போதே பேர் கொடுத்துவைத்திருக்கிறாள் என்று யெசெனியா சொன்னாள்.

மே 6

வடக்கே விதைப்பு நடக்கிறது. டிராக்டர் வேறொருத்தருடையது. வரிசை கேலனுடையதைப்போல அவ்வளவு நேர் இல்லை. பரவாயில்லை, கற்றுக்கொள்வார்கள்.

பத்து மணிக்குக் கேலன் வண்டி வந்து நின்றது. வழக்கப்படி எழுந்து, என்ன பேச வந்திருப்பான் என்று யோசித்தேன். குத்தகை இல்லை. விதை விலை இல்லை. குழாய் உடைந்தது, வாய்க்கால் அடைத்தது, ஒன்றும் இல்லை. மாட்டுக்கு ஏதாவதா?

"மாடு நல்லா இருக்கு" என்றான். "இன்னைக்குப் பாடம் எடுக்க வேண்டாம், காலேஜ் லீவு. சும்மா வந்தேன் அத்தை."

சும்மா வந்தேன். எத்தனை வருடமாக இந்தச் சமையலறைக்கு வந்துபோகிறான், இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

காபி குடித்தான். முட்டை பொரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டான். பிறகு ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளைப் பிரித்தவன், முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. இடது தோள்பக்கமாகவே சாய்ந்து, வாய் திறந்து தூங்கிப்போனான். விதைப்புக் காலத்தில், பட்டப்பகலில்! பக்கத்து முற்றத்தில் பிள்ளைகள் ஊரைக் கூட்டுகிற சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அசையவில்லை.

நான் எழுப்பவில்லை.